டிஷ் ஆன்டெனா: ஸ்ட்ரென்த் ஏறினால் போதாது, குவாலிட்டி ஏற வேண்டும்

செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஸ்ட்ரென்த், மற்றது குவாலிட்டி. புதிதாக டிஷ் கட்டுபவர்கள் முதல் கோட்டைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். ஸ்ட்ரென்த் 80 காட்டும், டிவியோ "சிக்னல் இல்லை" என்று அடம்பிடிக்கும். உடனே பாக்ஸ் மேல் சந்தேகம் வரும். பாவம், பாக்ஸில் ஒரு கோளாறும் இருக்காது.

எந்தக் கோடு எதை அளக்கிறது?

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்து சேரும் அலை மிக மெலிந்தது. டிஷ் அதைக் குவித்து, தன் முன்னால் கையில் பொருத்தியிருக்கும் எல்என்பி என்ற சிறு பெட்டிக்குள் விடுகிறது. எல்என்பி அதை 50 முதல் 60 டெசிபல் வரை பெருக்கி, கேபிளில் ஓடக்கூடிய 950–2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குகிறது. ஆனால் எது சிக்னல், எது இரைச்சல் என்று எல்என்பிக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும்.

ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியே பாக்ஸுக்கு வந்து சேரும் மொத்த ஆற்றல்; இரைச்சலும் அதில் அடக்கம். டிஷ் சுவரைப் பார்த்து நின்றாலும் பாதிக்கு மேல் ஸ்ட்ரென்த் காட்டும் பாக்ஸ்கள் உண்டு. குவாலிட்டி, இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைச் சொல்வது. மெனுவில் கொடுத்த டிரான்ஸ்பாண்டரை (செயற்கைக்கோளில் ஒரு தொகுதிச் சேனல்களை அனுப்பும் கருவி) பாக்ஸ் லாக் செய்த பிறகுதான், அதாவது அதன் சிக்னலை அடையாளம் கண்டு பிடித்துக்கொண்ட பிறகுதான், குவாலிட்டி எழும்பும்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும்:

- இரண்டுமே 0: பெரும்பாலும் எல்என்பிக்கு மின்சாரம் போகவில்லை. கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள், டிஷைத் தொடாதீர்கள்.
- ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி 0: கேபிள் வழி சரி. டிஷ் திசை தவறு, அல்லது மெனுவில் கொடுத்த விவரம் தவறு.
- ஸ்ட்ரென்த் நன்றாக இருக்கிறது, குவாலிட்டி குறைவு: டிஷ் கொஞ்சம் விலகியிருக்கிறது, அல்லது எல்என்பி தவறான கோணத்தில் திரும்பியிருக்கிறது.
- ஸ்ட்ரென்த் குறைவு, குவாலிட்டி நன்று: அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 1: கம்பமும் கேபிளும்

கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். தூக்குக்குண்டையோ ரசமட்டத்தையோ வைத்து இரண்டு பக்கமிருந்து பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷின் பின்னால் அச்சிட்டிருக்கும் கோண அளவுக்கு அர்த்தமே இல்லை.

கேபிள் 75 ஓம் ஆர்ஜி-6 போதும். எஃப் கனெக்டர் போடும்போது வெளி உறையைச் சீவி, வலைக்கம்பியைப் பின்னால் மடித்து, நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 1 முதல் 2 மில்லிமீட்டர் நீட்டியிருக்கும்படி விடுங்கள். வலையின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியில் பட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். எல்என்பிக்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட் அதே நடுக்கம்பியில்தான் ஓடுகிறது.

படி 2: மெனு

எல்என்பியின் மேல் அச்சிட்டிருக்கும் எல்ஓ எண்ணையே (சிக்னலைக் கீழிறக்க எல்என்பி பயன்படுத்தும் ஃப்ரீக்வென்சி, மெகாஹெர்ட்ஸில்) மெனுவில் கொடுங்கள். யுனிவர்சல் வகை என்றால் 9750/10600. பிறகு உங்களுக்கு வேண்டிய செயற்கைக்கோளில் இப்போது உறுதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிரான்ஸ்பாண்டரின் ஃப்ரீக்வென்சி, சிம்பல் ரேட் (டேட்டா வரும் வேகம்), போலரைசேஷன் (அலை அதிரும் தளம்: வெர்ட்டிகல் அல்லது ஹரிசான்டல்) மூன்றையும் கொடுங்கள். இதில் ஒன்று பிசகினாலும், டிஷ் துல்லியமாக நின்றாலும்கூட குவாலிட்டி 0தான்.

படி 3: திசை

உங்கள் இடத்துக்கான திசைக்கோணம், உயரக்கோணம், எல்என்பி திருப்பக்கோணம் மூன்றையும் டிஷ் திசை காட்டும் செயலி எதிலாவது எடுத்துக்கொள்ளலாம். போன் திசைகாட்டியை இரும்புக் கம்பத்தின் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். அந்தத் திசையில் மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது.

ஆஃப்செட் டிஷ் பார்வைக்கு ஏமாற்றும். எல்என்பி கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வகை இது. தட்டு கிட்டத்தட்ட நேராக நிற்பதுபோல் தெரிந்தாலும், அதன் உண்மையான பார்வை இருபது டிகிரிக்கு மேல் உயரே போகும். கண் சொல்வதை விட்டுவிட்டு, பிராக்கெட்டில் உள்ள அளவையே நம்புங்கள்.

படி 4: குவாலிட்டியைப் பிடிப்பது

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். 60 சென்டிமீட்டர் டிஷின் பார்வை அகலம் மொத்தமே ஏறத்தாழ 3 டிகிரி. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பத்தில் 1 டிகிரி திருப்பம் என்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது கம்பத்தின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்வுக்குள் மொத்தச் சிக்னலும் வந்து போய்விடும். கையால் தள்ளிவிட்டு டிவியை நிமிர்ந்து பார்த்தால் தவறவிடுவீர்கள்.

உயரக்கோணத்தைக் கணக்குப்படி வைத்து இறுக்குங்கள். கிளாம்ப் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, டிஷை விளிம்பில் பிடித்து மிக மெதுவாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் இரண்டு மூன்று நொடி காத்திருங்கள். பாக்ஸ் லாக் செய்து காட்ட நேரமாகும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை ஒன்றும் கிடைக்காவிட்டால், உயரத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி திருப்புங்கள்.

குவாலிட்டி எழும்பியதும் அதிகபட்ச எண்ணைத் தேடி அலைய வேண்டாம். உச்சி தட்டையாக இருக்கும், அங்கே கொஞ்சம் நகர்த்தினாலும் எண் மாறாது. அதற்குப் பதில் இடப்பக்கம் திருப்பி, குவாலிட்டி 40க்கு இறங்கும் இடத்தில் கம்பத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். வலப்பக்கமும் அதே 40க்கு இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். உயரத்துக்கும் இதே முறைதான். கடைசியாக எல்என்பியைப் பிடிக்குள் இருபுறமும் சிறிது சிறிதாகச் சுழற்றி நல்ல நிலையைப் பிடியுங்கள்.

நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதாக முறுக்கினால் டிஷ் நகர்ந்து, பட்டபாடு வீணாகும். இறுக்கி முடித்த பின்னும் எண்ணை ஒருமுறை பாருங்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்?

சதவீதத்தை நம்பி ஒப்பிட வேண்டாம்; ஒரு பாக்ஸின் 70 இன்னொன்றின் 50ஆக இருக்கலாம். குவாலிட்டியை டெசிபலில் காட்டும் பாக்ஸ் கிடைத்தால் யோகம். டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் டிவி தரநிலையில், 8பிஎஸ்கே 3/4 என்ற சிக்னல் முறைக்குச் சுமார் 8 டெசிபல் தேவை. அதற்குக் கீழே படம் மங்காது, கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாக நின்றுவிடும். 9 டெசிபலில் படம் பளிச்சென்று ஓடினாலும், மழை தூறினால் போய்விடும். கையிருப்பாக 3, 4 டெசிபலாவது மேலே வைத்திருங்கள். 60 சென்டிமீட்டரிலிருந்து 90க்கு மாறினால் பரப்பு 2.25 மடங்காகும், ஏறத்தாழ 3.5 டெசிபல் கூடும். கேபிளில் பூஸ்டர் மாட்டுவது வீண் செலவு. அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும். மிக நீளமான கேபிளுக்கு மட்டும் அதற்கு வேலை உண்டு.

அடிக்கடி வரும் தொல்லைகள்

சில சேனல்கள் மட்டும் வரவில்லையா? எல்என்பிக்கு 13 வோல்ட் போனால் வெர்ட்டிகல் போலரைசேஷன், 18 போனால் ஹரிசான்டல். கனெக்டர் துருப்பிடித்து 18 வோல்ட் இறங்கிவிட்டால் ஹரிசான்டல் சேனல்கள் மட்டும் மறையும். யுனிவர்சல் எல்என்பியில் 11700 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவை மட்டும் வராவிட்டால், மெனுவில் 22 கிலோஹெர்ட்ஸ் அமைப்பைப் (மேல் அலைவரிசைக்கு மாறும்படி பாக்ஸ் எல்என்பிக்கு அனுப்பும் குறி) பாருங்கள்.

மழையில் ஸ்ட்ரென்த் அசையாமல் குவாலிட்டி மட்டும் சரிவது இயல்பு. மழைத்துளி சிக்னலை விழுங்கி, தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கிறது. ஆனால் மழை நின்று வெயில் வந்த பிறகும் சரியாகாவிட்டால், எல்என்பி கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நீரோ பச்சைக் களிம்போ இருந்தால் கேபிள் நுனியை வெட்டிப் புது கனெக்டர் போடுங்கள். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அதில் சொட்டிவிடும்.

மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாள்கள், பகலில் குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம் மட்டும் படம் போனால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.