கிரேக்கக் கருவிகளைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஏதென்ஸில் சின்டாக்மா சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், கொலொனாகி பகுதியில் கோட்சனாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பண்டைய கிரேக்கர்களின் இயந்திரங்களை இயங்கும் மாதிரிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி இறங்கிய களைப்போடு வருபவர்கள் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது படம் பார்க்கும் இடமல்ல, பொறிகளைப் புரிந்துகொள்ளும் இடம். காலையிலேயே, தெளிவான தலையோடு போங்கள்.

அங்கிருப்பவை 2,000 ஆண்டு பழைய பொருட்கள் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பழைய நூல்கள், ஓவியங்கள், அகழாய்வில் கிடைத்தவை ஆகியவற்றை வைத்துப் பொறியாளர் கோஸ்டாஸ் கோட்சனாஸ் உருவாக்கியவை அவை. அதனால் ஒவ்வொன்றின் முன்னும் ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேளுங்கள். சிலவற்றுக்குப் பொருளே கிடைத்திருக்கிறது, சிலவற்றுக்கு எழுத்து மட்டும்தான். பண்டைய கிரேக்கப் பொறியாளரான பைசாண்டியத்து பிலோன் காற்றழுத்தக் கருவிகளைப் பற்றி எழுதிய நூலின் பெரும்பகுதி நமக்கு அரபு மொழிபெயர்ப்பு வழியாகத்தான் கிடைத்திருக்கிறது.

அந்த பிலோனின் பணிப்பெண் பொம்மை முன்னால்தான் கூட்டம் நிற்கும். ஒயின் ஊற்றுவதை வீடியோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பொம்மையின் உள்ளே காற்றுப் புகாத இரண்டு கலங்கள்: ஒன்றில் ஒயின், மற்றதில் தண்ணீர். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்தால் உள்ளே இருக்கும் ஜூஸ் கீழே விழாதே, அதேபோல் காற்று நுழையாதவரை இரண்டும் அசையாது. இடது உள்ளங்கையில் கோப்பையை வைத்ததும் அதன் கனத்தில் கை தாழ்கிறது, ஒயின் கலத்துக்குக் காற்று போகும் வழி திறக்கிறது, வலது கையிலுள்ள கூஜாவிலிருந்து ஒயின் விழுகிறது. கோப்பை நிறைய நிறைய கை இன்னும் தாழும். அப்போது ஒயினுக்கான வழி அடைபட்டு, தண்ணீருக்கான வழி திறக்கும். நடுவில் கோப்பையை எடுத்தால் கை மேலே போய், ஊற்றுவது நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டு இன்னொரு தடவை பாருங்கள், அந்தக் கையைவிட்டுக் கண் நகராது.

அப்புறம், எல்லாவற்றையும் சாக்ரடீஸ் காலத்து ஏதென்ஸோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். இங்குள்ள பல கருவிகளை வடிவமைத்த க்டெசிபியோஸ், ஹெரோன் ஆகியோர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இயங்கியவர்கள். ஹெரோன் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்காரர், அப்போது அங்கே ரோமானியர் ஆட்சி.

அவருடைய நீராவிக் கோளத்தைப் பார்த்ததும், ‘அன்றைக்கே ரயில் விட்டிருக்கலாமே’ என்று பலர் சொல்வார்கள். முடியாது. வளைந்த இரண்டு குழல்கள் வழியே ஆவி பீறிட, கோளம் சுற்றும், அவ்வளவுதான். பாரம் இழுக்கும் வலு அதற்கு இல்லை. அழுத்தம் தாங்கும் கொதிகலனும், நுட்பமாகக் கடைந்த உருளையும் வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. என்னைக் கேட்டால், ஹெரோனின் திறமை தெரிவது புனித நீர்ப் பெட்டியில்தான். நாணயம் நெம்புகோலின் தட்டில் விழுந்ததும் அடைப்பு திறந்து நீர் வரும், நாணயம் சரிந்து விழுந்ததும் தானாக மூடிக்கொள்ளும். நாணயம் போட்டால் இயங்கும் இயந்திரம், முதல் நூற்றாண்டிலேயே!

வான்பொருட்களின் நகர்வைப் பற்சக்கரங்களால் கணக்கிட்ட ஆன்டிகிதீரா பொறியின் மாதிரியை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 1901இல் கப்பல் சிதைவிலிருந்து மேலே வந்த அசல், ஏதென்ஸிலேயே உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சை பிடித்து நொறுங்கிய 82 வெண்கலத் துண்டுகள், அவற்றில் 30 பற்சக்கரங்கள். 223 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று கிரகண சுழற்சியைக் கணக்கிட உதவியது. முன்பக்கத்தில் கோள்களைக் காட்டிய பற்சக்கரங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அந்தப் பகுதியை ஒவ்வோர் ஆய்வாளரும் வேறு விதமாக அமைக்கிறார்கள். மாதிரியை முதலில் பார்த்துவிட்டு அசலுக்குப் போனால், எது கிடைத்தது, எது ஊகம் என்பது கண்ணுக்கே தெரியும்.

நேரம் இருந்தால் ஏதென்ஸின் பழைய சந்தைச் சதுக்கமான அகோராவில் உள்ள அட்டாலோஸ் மண்டப அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கல் பொறியின் துண்டு அங்கே இருக்கிறது. பெயர்ச்சீட்டுகளைச் செருகிய துளை வரிசைகளை அதில் இன்றும் பார்க்கலாம்.