பிரிட்டனில் பழைய காரை விற்கிறீர்களா? பானெட்டை விட்டு நகராதீர்கள்

ஆர்சி புக், ஆர்டிஓ, புரோக்கர் என்று ஊரில் அலைந்து பழகியவர்களுக்கு இங்கே காகித வேலை அதிகம் இல்லை. பணம் ஏறிவிட்டதா என்று உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பிறகு லாக்புக்கில் (இந்த ஊர் ஆர்சி புக்) இருக்கும் 11 இலக்க எண்ணைப் போட்டு, விற்றுவிட்டதை வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வின் தளத்தில் அன்றே பதியுங்கள். வாங்குபவருக்கு லாக்புக்கில் உள்ள பச்சைச் சீட்டு மட்டும் போதும். பதியாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அவர் வாங்கும் பார்க்கிங் நோட்டீஸும் உங்கள் வீட்டுக்கே வரும்.

ரிப்பேரை மறைத்துப் பயனில்லை. நம்பர் பிளேட் தெரிந்த யாரும் எம்ஓடி (வண்டியின் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். பல்பு, வைப்பர், 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயர் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். கிளட்ச், டைமிங் பெல்ட்டில் கை வைக்காதீர்கள். பழைய காரில் அந்தக் காசு விலையாகத் திரும்பாது. கராஜில் செலவை எழுதி வாங்கி, விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர்கள் பலர் ஏமாறுவது வேறு இடத்தில். பார்க்க இரண்டு மூன்று பேராக வருவார்கள். ஒருவர் உங்களை டிக்கிப் பக்கமோ லாக்புக் எடுக்க வீட்டுக்குள்ளோ இழுப்பார். அதற்குள் இன்னொருவர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்; சைலன்சர் குழாயிலும் ஊற்றினால் வண்டி புகை கக்கும். “ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் இன்ஜின் அடைப்பு) போச்சு, இன்ஜினே காலி” என்று முகத்தைச் சுளித்து, பாதி விலைக்குக் கேட்பார்கள். பல வருடம் ஓடிய கார் என்பதால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். அதுதான் அவர்களுடைய பலம்.

அவர்கள் வருமுன் கூலன்ட் டப்பா, ஆயில் மூடியின் உட்புறம், டெம்பரேச்சர் முள் மூன்றையும் தேதியோடு வீடியோ எடுங்கள். லாக்புக்கை முன்பே கையில் வையுங்கள். துணைக்கு ஒருவரை நிறுத்துங்கள். பானெட் திறந்திருக்கும்வரை உங்களில் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும்.

கேஸ்கெட் நிஜமாகவே போனால் பெரும்பாலும் முன்பே தெரியும்: கூலன்ட் குறைந்துகொண்டே வரும், இன்ஜின் சூடேறும், ஆயில் மூடியடியில் வெண்ணெய் மாதிரி படியலாம். காலையில் சுத்தமாக இருந்த கூலன்ட்டில் திடீரென்று ஆயில் மிதந்தால், விலை பேசவே பேசாதீர்கள். அவர்களை அனுப்பிவிட்டு 101-இல் போலீஸுக்குச் சொல்லுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்: ஆயில் டப்பாவோடு நின்றிருந்தால் உறிஞ்சி எடுத்துவிடலாம், ஓடவிட்டால் ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றிலும் பரவி முழுதாக ஃப்ளஷ் செய்ய வேண்டிவரும்.