போனில் அப்டேட் போடப் பயப்படாதீர்கள்

கடைக்குப் பழுது பார்க்க வரும் ஆண்ட்ராய்டு போன் எதுவானாலும், செட்டிங்ஸில் 'பாதுகாப்பு அப்டேட்' என்ற இடத்தில் உள்ள தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். பல போன்களில் அது ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதியாக இருக்கும். அதன்பின் கண்டுபிடித்து அடைத்த பாதுகாப்பு ஓட்டைகள் அந்தப் போனில் திறந்தே கிடக்கின்றன. யுபிஐ, பேங்க் ஆப் எல்லாம் இருப்பதும் அதே போனில்தான். கேட்டால், "அப்டேட் போட்டா போன் செத்துடும்னு சொன்னாங்க" என்கிறார்கள்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பழைய முறையில், இருக்கும் ஒரே சிஸ்டத்தின் (போனை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மேலேயே புதியது எழுதப்படும். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் போன் எழாமல் போகலாம். 2016இல் ஆண்ட்ராய்டு 7 வேறு வழி கொண்டுவந்தது. சிஸ்டத்துக்கு 'ஏ', 'பி' என்று இரண்டு இடம். நீங்கள் 'ஏ'வில் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே 'பி'யில் புதியது ஏறிவிடும். ரீஸ்டார்ட் செய்ததும் 'பி' எழ வேண்டும். எழாவிட்டால் போன் தானாக 'ஏ'வுக்கே திரும்பிவிடும். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. போனைப் பயன்படுத்தும்போதே இன்ஸ்டால் ஓடி, கடைசியில் ரீஸ்டார்ட் மட்டும் கேட்டால் அது இந்த ஏ, பி முறை. திரை மாறி சதவீதம் ஏறிக்கொண்டே போனால் பழைய முறை. அப்போது கை வைக்காதீர்கள்.

எதுவானாலும் முதலில் போட்டோக்களை பேக்கப் எடுங்கள். வைஃபையில் இணைத்து, சார்ஜரில் போடுங்கள். சில ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். இடமில்லாமல் பாதியில் நிற்கும் அப்டேட்தான் நான் அதிகம் பார்ப்பது. அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், சாஃப்ட்வேர் அப்டேட். சில கம்பெனி போன்களில் இடம் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸில் 'அப்டேட்' என்று தேடினால் கிடைத்துவிடும்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அதுவரை ஓடுவது பழைய சிஸ்டம்தான்.

'கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல் சில முக்கியப் பகுதிகள் அந்த வழியாகவும் திருத்தப்படுகின்றன. அதையும் தட்டிப் பாருங்கள், அதுவும் ரீஸ்டார்ட் கேட்கும்.

அதே மாடல் வைத்திருக்கும் நண்பருக்கு வந்து உங்களுக்கு வரவில்லையா? கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்பும், சில நாள் பொறுங்கள். அவசரப்பட்டு, வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வரும் 'அப்டேட்' லிங்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.