சீஷத்துவத்தில் நாம் வழுக்கும் இடங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு வரிசை நிற்கும். தாம்பாளத்தில் குவித்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, மனசுக்கு ஒட்டவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பப் போட்டு வேறொன்றை எடுப்பவர்களும் உண்டு. ஒரு வருஷம் நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தில் ஒரு வரி. ஒரு வசனம் முன்னால் போனால் ‘எழுபது வருஷம்’ என்று இருக்கும். அதாவது, கடிதத்தை வாசித்துக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. அட்டையில் அதெல்லாம் அச்சாவதில்லை. வாக்குத்தத்தத்தை எடுத்துக்கொண்டு கட்டளையை விட்டுவிடுவதுதான் நம்மிடம் உள்ள முதல் தவறு. மத்தேயு 28:20-ல் இயேசு தாம் கட்டளையிட்டதை ‘கைக்கொள்ளும்படி’ உபதேசிக்கச் சொன்னார். மனப்பாடம் பண்ணும்படி சொல்லவில்லை.

சீஷன் என்றால் கற்றுக்கொள்பவன். தச்சுப்பட்டறையில் வேலை பழகும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசாரி உளி பிடிப்பதைப் பார்த்து, தானும் பிடித்து, கையை வெட்டிக்கொண்டு, மறுநாளும் வருகிறான் அல்லவா, அப்படி. இது புரியாவிட்டால் ஜனவரியில் பெரிய தீர்மானங்கள் வரும். காலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம். தினம் மூன்று அதிகாரம், ஞாயிறன்று ஐந்து, வருஷத்தில் வேதாகமம் முழுவதும். கணக்கு சரிதான். ஆனால் பிப்ரவரியில் பலிகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்துக்குள் போனவர்கள் பலர் வெளியே வருவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மாற்கு சுவிசேஷத்தில் நாளைக்குப் பத்து வசனம். அதில் செய்யக்கூடியது ஒன்று இருந்தால் அன்றே செய்துவிடுவது.

‘சிலுவை’ என்ற சொல்லையும் நாம் மலிவாக்கிவிட்டோம். சர்க்கரை வியாதி என் சிலுவை, மாமியார் என் சிலுவை (மாமியார்களைக் கேட்டால் அவர்களும் ஒரு சிலுவையைக் காட்டுவார்கள்). லூக்கா 9:23-ல் வருவது தலையில் வந்து விழுந்த கஷ்டம் அல்ல. அவரைப் பின்பற்றுவதற்காக நாமே அனுதினமும் குனிந்து எடுக்கவேண்டியது.

அடுத்தது, சபை வேலையில் மும்முரமாக இருப்பதையே சீஷத்துவம் என்று எண்ணுவது. பாடகர் குழு, கமிட்டி, அசன (சபை விருந்து) ஏற்பாடு, சபைத் தேர்தல் என்று ஓடுபவர் வீட்டில் எப்படிப் பேசுகிறார் என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். இதற்கு மறுபக்கம், ஊழியத்தை ஐயர் (சபைப் போதகர்) பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்குவது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1912-ல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஞானஸ்நானம் பெற்ற கிராமத்து ஜனங்களைத் தங்கள் தலையில் கைவைத்து, ‘சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வைத்தார். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. அதே பேராயர்தான் அந்த ஜனங்களிடையே அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் பிசாசுகள் என்று சொல்லி எதிர்த்தார். ஜெபமும் கடன் கணக்கும் அவருக்கு ஒரே மேசையில் இருந்தன.

இனிச் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. திருமண விளம்பரங்களைப் பாருங்கள்: ‘இரட்சிக்கப்பட்ட, தேவபயமுள்ள மணமகள் தேவை.’ அதே வரியில் சாதி. ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்று வாசிக்கிறோம். அங்கே ஜாதி என்றால் ஜனங்கள் என்று பொருள். நாமோ நமக்குத் தெரிந்த பொருளிலேயே நின்றுவிட்டோம். 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபை உடனே கைவிட வேண்டும் என்று தென்னிந்திய மிஷன்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு சபையைவிட்டு வெளியேறினார்கள். இன்று யாரும் வெளியேறவில்லை. சாதியைக் கைவிடும்படி யாரும் சொல்லவில்லை என்பதால். பெண் பார்க்கும்போது மட்டும் விசுவாசம் விடுப்பில் போய்விடுகிறது. உபவாச ஜெபம் பத்து இருந்தாலும் இதை ஈடுசெய்யாது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாகப் பணம். தப்பு செய்தால் ஆண்டவரிடம் அறிக்கை செய்கிறோம், கண்ணீர்கூட விடுகிறோம். ஏமாந்தவரின் பணம் நம்மிடமே இருக்கிறது. எண்ணாகமம் 5:7-ன்படி தன் குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் யாத்திராகமம் 22-ல் நாலு மடங்கு. இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றபோது, தன்னைத் திருடன் வரிசையில் தானே நிறுத்திக்கொண்டான். அதுவும் இயேசு பாவியின் வீட்டில் தங்கப் போனாரென்று கண்டவர்கள் எல்லாரும் முணுமுணுக்கும்போது.

இந்தப் பாடத்தை எங்கள் வேதபாடக் குழுவில் எடுத்த வாரம், கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு தம்பி எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் கடையில் தனக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு, இதுதான் குறைந்த விலை என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து ஒரு கவருடன் அந்த வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் நம்பாமல் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, “இப்ப எதுக்குத் தர்ற? புது வேலை எதுவும் என்கிட்ட இல்லையே” என்றாராம். மன்னிப்பு, கட்டிப்பிடிப்பு எதுவும் நடக்கவில்லை. காபிகூடக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லுங்களேன் என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “வேண்டாம்ணே, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு.”