டர்பனில் வேட்டைப் பயிற்சியும் குதிரை வேலையும்: பணம் கட்டுமுன் விசாவைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு, பயிற்சிப் பள்ளி கொடுத்த சான்றிதழோடு காவல் நிலையக் கவுன்ட்டரில் போய் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: "பெர்மனன்ட் ரெசிடென்ஸ் இருக்கிறதா?" அதுவரை யாரும் கேட்பதில்லை. ஊரில் பணம் வாங்கிய ஏஜென்ட் கேட்கவில்லை. வகுப்பு எடுத்து, குண்டு கொடுத்து, சுடவைத்து, கைகுலுக்கி அனுப்பிய பள்ளியும் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் பக்கம் தங்கியிருந்த இரண்டு தம்பிகள் இப்படித்தான் வேலை விசாவோடு போய் நின்றார்கள். விண்ணப்பத்தையே வாங்கவில்லை. அதிகாரி சொன்னதில் தவறும் இல்லை. கட்டிய பணம் போனது போனதுதான். அடுத்து வருபவர்களுக்கு இது நடக்கக் கூடாது.

சட்டம் இதுதான். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 9. லைசென்ஸுக்கு முன்பே வாங்க வேண்டிய தகுதிச் சான்றான காம்பிடென்சி சான்றிதழைப் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். வேலை விசா, படிப்பு விசா, உறவினர் விசா எதுவும் போதாது. வேலை விசாவில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தால்தான் குடியேற்றச் சட்டத்தின் பிரிவு 26(அ) வழியாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே இன்று விமானம் இறங்கியவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கும் மேலான தூரத்தில் இருக்கிறது. பிரிவு 21-இல் வெளிநாட்டவருக்கும் தற்காலிக அனுமதி உண்டு என்பது உண்மை. அது குறிப்பிட்ட காரணத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அதை நம்பித் தொழில் தொடங்க முடியாது.

"அப்படியென்றால் செக்யூரிட்டி வேலைக்காவது போகலாமே" என்பார்கள். 2001-இன் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்திலும் பதிவுக்கு இதே நிபந்தனைதான்: குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை. அந்தக் கதவும் இப்போதைக்குத் திறக்காது.

ஊர் வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு வருவதால்தான் பலரும் குழம்புகிறார்கள். அங்கே துப்பாக்கி லைசென்ஸ் என்றால் கலெக்டர் ஆபீஸ், நகரத்தில் கமிஷனர் ஆபீஸ். வேட்டை என்ற பேச்சு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. இங்கே வேட்டை ஒரு தொழில். 1991-இன் கேம் தெஃப்ட் சட்டப்படி, போதுமான வேலி போட்ட நிலத்தில் வளரும் குடு, இம்பாலா போன்ற மான்கள் நிலக்காரரின் சொத்து, நம் வீட்டுத் தொழுவத்து மாடு போல. அதனால் அவர் எழுதிக் கொடுத்த அனுமதி இல்லாமல் சுட்டால் அது திருட்டு. வாய்வார்த்தை செல்லாது, காகிதம் சட்டைப்பையில் இருக்க வேண்டும். எந்த விலங்குக்கு எப்போது சீசன் என்பதை மாகாணம்தான் சொல்லும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அனுமதிகளைக் கொடுப்பது அதன் வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோ.

நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு மட்டும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் சட்ட அறிவுத் தேர்வு, எண் 117705. அதன்பின் ஆயுத வகைக்கு ஒரு தேர்வு: கைத்துப்பாக்கிக்கு 119649, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் போல்ட் ரைஃபிளுக்கு 119651, ஷாட்கன்னுக்கு 119652. ஒன்றை வைத்து இன்னொன்றுக்கு லைசென்ஸ் கேட்க முடியாது. கைத்துப்பாக்கிக்கு மட்டும் தேர்வெழுதிவிட்டு மான் வேட்டைக்கு ரைஃபிள் கேட்டு அலைந்தவர்கள் உண்டு. பிறகு உங்கள் வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறதோ அங்குள்ள துப்பாக்கி அதிகாரியிடம் எஸ்ஏபிஎஸ் (தென்னாப்பிரிக்கக் காவல்துறை) 517 படிவம், கைரேகை, புகைப்படம், கட்டணம். நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்க ஊரில் போல கெஜட்டட் ஆபீசரைத் தேட வேண்டாம்; எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாக முத்திரை போட்டுக் கொடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய நகலைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். காம்பிடென்சி கைக்கு வந்த பிறகுதான் எஸ்ஏபிஎஸ் 271. அது ஆளுக்கான படிவம் அல்ல, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கானது. வீட்டில் தரக்குறியீடுள்ள இரும்புப் பெட்டகம் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டுப் பொருத்தியிருக்க வேண்டும், வந்து பார்ப்பார்கள். லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரிடமே இருக்கும். அவசரப்பட்டு முதலிலேயே வாங்கிவிட்டால் சேமிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். லைசென்ஸ் கிடைத்தபின், காலாவதிக்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போன வழக்கில் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது.

செய்முறைத் தேர்வில் குறி தப்புவதைவிடக் கையாளுவதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். போல்ட் ரைஃபிளைக் காலி செய்யும் வரிசை முக்கியம். குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பு, குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்று, அதன்பின் போல்ட்டைத் திற, குண்டு உட்காரும் அறையைக் கண்ணால் பார், விரலை விட்டும் தொட்டுப் பார். மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டைத் திறந்து மூடினால், பழைய குண்டு வெளியே விழும், புதிய குண்டு அறைக்குள் ஏறிவிடும். "காலி" என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். வேலி தாண்டும்போதும் இதே வரிசையில் காலி செய்து, ரைஃபிளை முதலில் அந்தப் பக்கம் தரையில் வைத்துவிட்டுத்தான் ஆள் தாண்ட வேண்டும்.

பணத்தோடு முடியாத கண்ணி ஒன்று உண்டு. பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த மறுவாரம் முதலாளி ரைஃபிளை நீட்டி, "சோளக்காட்டில் பபூன் குரங்கு இறங்கியிருக்கிறது, போய் ரெண்டு வெடி வை" என்பார். நல்ல மனிதராகவே இருப்பார். வாங்காதீர்கள். பிரிவு 22-இன்படி லைசென்ஸ் உள்ளவர் தன் துப்பாக்கியை இன்னொருவர் பயன்படுத்த விடலாம், ஆனால் அவருடைய நேரடி மேற்பார்வையில். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அர்த்தம். அவர் வீட்டு வராந்தாவில் காபி குடிக்க, நீங்கள் மேட்டுக்கு அப்பால் ரைஃபிளோடு நடந்தால், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றம் உங்கள்மேல் விழும். அதற்கு 15 வருடம் வரை சிறை. "முதலாளி சொன்னார்" என்பது வழக்கில் நிற்காது, விசாவும் போகும். "நீங்களும் கூட வாங்க, பாஸ்" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்தால் நீங்கள் சுடுவது துப்பாக்கிச் சட்டப்படி சரி.

காசு கொடுத்து வேட்டைக்கு வருபவர்களைக் கூட்டிப்போகும் புரொஃபஷனல் ஹன்டர் என்ற பட்டம் வேறு கதை. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்து, மாகாணம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தேற வேண்டும். லைசென்ஸ் மாகாணத்துக்கு மாகாணம் தனி. லிம்போப்போ லைசென்சை வைத்துக்கொண்டு நட்டாலில் வாடிக்கையாளரை அழைத்துப் போக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் வேட்டைக்காரர் பக்கத்தில் இப்படி ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேட்டையை ஏற்பாடு செய்பவர் அவுட்ஃபிட்டர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் இடறுவது இங்கேதான். ஊரிலிருந்து மாமா சுற்றுலா விசாவில் வருகிறார். "நம்ம ஃப்ரெண்டு பண்ணைதானே, ஒரு இம்பாலா அடிச்சுப் பார்க்கட்டும்" என்று கூட்டிப்போகிறார்கள். மாமா இந்த நாட்டில் வசிக்காதவர். புரொஃபஷனல் ஹன்டர் இல்லாமல் அவர் காசு கொடுத்து வேட்டையாடினால் சட்டமீறல். கொம்பையும் இறைச்சியையும் ஊருக்குப் பெட்டியில் போட்டு அனுப்பும் யோசனையும் வேண்டாம்.

இனித் துப்பாக்கி தேவைப்படாத வழிகள். ஏஜென்ட்கள் இவற்றைச் சொல்வதே இல்லை. பெரிய கட்டணம் வாங்க இவற்றில் இடமில்லை.

முதலாவது, தடம் பார்ப்பது. 1990-களில் தென்னாப்பிரிக்கத் தட ஆய்வாளர் லூயி லீபன்பெர்க் தொடங்கிவைத்த சைபர்டிராக்கர் மதிப்பீடு இன்று இந்தத் துறையில் எல்லோரும் மதிக்கும் சான்று. காட்டில் நடத்திக்கொண்டே போய், ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இது எது?" என்று கேட்பார்கள். 70 சதவீதம் எடுத்தால் முதல் நிலை, 80 இரண்டாவது, 90 மூன்றாவது, 100 எடுத்தால் நான்காவது. மதிப்பெண் போடும் முறையைப் புரிந்துகொண்டு போங்கள். எளிய கேள்விக்குச் சரியான பதில் 1 புள்ளி. அதையே தவறாகச் சொன்னால் 3 புள்ளி உங்களுக்கு எதிராக ஏறும். மிகக் கடினமான கேள்வியில் தலைகீழ்: சரி என்றால் 3, தவறு என்றால் 1. ஆகவே அபூர்வ விலங்குகளைப் படித்து மார்தட்டுவதைவிட, இம்பாலா, காட்டுப்பன்றி, கழுதைப்புலி, சிறுத்தை ஆகியவற்றில் தவறாமல் இருப்பதுதான் தேர்வைக் கரையேற்றும். பூனைக் குடும்பத்தின் உள்ளங்கால் மெத்தையில் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும், நகம் பதியாது. சீட்டா மட்டும் விதிவிலக்கு, அதற்கு நகம் பதியும். கழுதைப்புலிக்கு நகம் தெரியும், மெத்தை ஒரு பக்கம் சரிந்திருக்கும். சத்தியமங்கலத்திலும் முதுமலையிலும் காட்டோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கண் ஏற்கெனவே உண்டு. அவர்கள் இதில் முன்னுக்கு வருவார்கள் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

தோலுரிப்பும் இறைச்சி வேலையும் இன்னொன்று. மே முதல் ஆகஸ்ட் வரை பண்ணைகளுக்கு ஆள் போதாது. பில்டாங் போடக் கற்றுக்கொள்ளுங்கள்: நம் உப்புக்கண்டத்துக்கு அது பங்காளி. உப்பு, மிளகு, வறுத்து இடித்த மல்லி, அதோடு வினிகர். ஆனால் நாம் வெயிலில் காயவைப்போம். இவர்கள் நிழலில், குளிர்காற்றில் தொங்கவிடுவார்கள். வெயிலில் போட்டால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிக் கெட்டுவிடும். அந்த மாதங்களில்தான் ஆடியும் வருகிறது. சனி ஞாயிறில் டர்பன் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இன்னும் விடாமல் செய்கிறார்கள். பண்ணையில் தனியாகக் கிடக்கும் தம்பிகள் ஒரு ஞாயிறாவது லீவு கேட்டு வந்து ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டுப் போங்கள்.

குதிரை வேலைக்கு வருவோம். டர்பனுக்கு மேற்கே சம்மர்வெல்டில் பந்தயக் குதிரைகளின் பெரிய லாயங்கள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க ஜாக்கி அகாடமியும் அங்கேதான். ஜாக்கி பயிற்சி பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானது. 25 வயதில் "ஜாக்கி ஆக்குகிறோம்" என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு உள்ள வேலைகள் குதிரை பராமரிப்பும், காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டும் வொர்க் ரைடர் வேலையும். பந்தய லாயத்தில் வேலை செய்பவர் தேசியக் குதிரைப்பந்தய ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவை முதலாளி வழியாகச் செய்வார்கள். அதற்கும் வேலை செய்யும் உரிமையுள்ள விசா வேண்டும். சவாரிப் பள்ளியில் பயிற்றுநராக ஆசைப்படுபவர்கள் தென்னாப்பிரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் பாதையைப் பாருங்கள். ஊர்ச் சான்றிதழை, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் அரசு அமைப்பான சாக்வாவின் மதிப்பீட்டுக்கு இப்போதே அனுப்பிவையுங்கள், நாளாகும்.

கிண்டியிலோ ஊட்டியிலோ குதிரை பார்த்தவருக்கும் இங்கே புதிதாக ஒன்று உண்டு: ஆப்பிரிக்கக் குதிரை நோய். கொசுவைவிடச் சிறிய கியூலிகாய்ட்ஸ் பூச்சி கடித்து வருவது; குதிரையிலிருந்து குதிரைக்கு நேராக ஒட்டாது. கோடை மழைக்குப் பிறகு, முதல் உறைபனி விழும்வரை ஆபத்து. நுரையீரல் வடிவத்துக்கு டன்கொப் என்று பெயர்: மூச்சு முட்டி, மூக்கில் நுரை தள்ளும், பெரும்பாலும் பிழைக்காது. இதய வடிவம் டிக்கொப்: கண்ணுக்கு மேலுள்ள பள்ளம் நிரம்பி வீங்கும். ஆண்டுதோறும் ஒன்டர்ஸ்டெபோர்ட் தடுப்பூசி இரண்டு குப்பியாக, மூன்று வாரமாவது இடைவெளி விட்டுப் போடுவார்கள். ஊசி போட்டபின் இரண்டு வாரம் கடும் ஓட்டம் கூடாது. வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ஊசிக்கு ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் காலம். அங்குள்ள கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குக் குதிரையை லாரியில் ஏற்றுமுன் அரசுக் கால்நடை மருத்துவரின் அனுமதி வேண்டும்.

லாயத்தில் உங்கள் பேர் நிற்பது இந்த நோயில்தான். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குதிரையை உள்ளே கட்டுங்கள். விடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வெளியே விடுங்கள். கதவுக்கும் சன்னலுக்கும் நெருக்கமான வலை. காலையிலும் மாலையிலும் வெப்பமானி வைத்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 37.5-க்கும் 38.5-க்கும் நடுவில் இருந்தால் சரி. 38.5-ஐத் தாண்டினால், குதிரை நன்றாகத் தின்றுகொண்டிருந்தாலும், அன்று சேணம் போடாதீர்கள், உடனே சொல்லுங்கள். காய்ச்சலோடு ஓட்டிய குதிரைதான் விழும்.

தீவனத்தில் கொள்ளுப் பயறை மறந்துவிடுங்கள். இங்கே டெஃப் புல், லூசர்ன் (குதிரை மசால்), ஓட்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏழு முதல் பத்து நாளில், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்று நோவு கண்டு தரையில் புரளும்.

சேரும் முன் முதலாளியிடம் ஒரு காகிதம் கேளுங்கள்: 1993-இன் தொழில்காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அவர் பதிவு செய்து பணம் கட்டியிருப்பதைக் காட்டும் லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங். குதிரை உதைத்து இடுப்பு முறிந்தால் சிகிச்சைக்கும் சம்பளத்துக்கும் வழி அதுதான். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது உண்டு. தேதி முடிந்திருக்கிறதா என்று பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.