சுரங்க நிலத்தில் பசுமை மீண்டதா? அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை எடுத்தபின், தோண்டிய மண்ணையே பள்ளத்தில் கொட்டி நிரப்பி மேலே கன்று நடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த நிலம் மீண்டுவிட்டதா என்று அளக்க வேண்டும். மனிதர் கையை எடுத்த பிறகும் அது தானாக நிற்குமா என்பதே அங்கே தெரிய வேண்டிய விஷயம். கீழே வரும் தவறுகளில் எது நேர்ந்தாலும் அதற்கு விடை கிடைக்காது.

நட்ட எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவது

"இத்தனை ஆயிரம் கன்று நட்டோம்" என்பது செலவுக் கணக்கு. பிழைத்தவற்றை எண்ணினாலும், டேங்கர் தண்ணீர் ஊற்றும் காலத்தில் எண்ணினால் பயனில்லை. தண்ணீரும் உரமும் நின்று குறைந்தது இரண்டு கோடையாவது தாண்டிய கன்றுகளை எண்ணுங்கள். செத்த இடத்தில் மறுபடி நட்டதைத் தனியாகக் குறிக்காவிட்டால், நேற்று நட்ட கன்றும் பிழைத்த கணக்கில் சேர்ந்துவிடும்.

அமெரிக்காவில் 1977 நிலக்கரிச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைக் கறாராகப் பிடிக்கின்றன. ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு (660 மி.மீ.) மேல் உள்ள இடத்தில் 5 ஆண்டும், குறைந்த இடத்தில் 10 ஆண்டும் நிறுவனமே பொறுப்பு. அந்தக் காலம், கூடுதல் விதைப்பு, உரம், நீர்ப்பாசனம் எல்லாம் நின்ற நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். கணக்கில் வரும் மரங்களில் 80 சதவீதமாவது, அந்தப் பொறுப்புக் காலத்தின் 60 சதவீத நாளாவது நிலத்தில் நின்றிருக்க வேண்டும். கடைசி ஆண்டில் அவசரமாக நட்டுத் தேற முடியாது. நாமும் அப்படியே கடைப்பிடிக்கத் தகுந்த விதி இது.

செயற்கைக்கோள் படத்தின் பச்சையை நம்புவது

படத்தில் சீமைக்கருவேலமும் பச்சைதான், உண்ணிச்செடியும் பச்சைதான். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் எடுத்த படத்தில் ஓராண்டுப் புல்லே நிலத்தை மூடியிருக்கும். மே மாதம் அதே இடம் வெறும் மண். ஆண்டுதோறும் ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுங்கள். எது பச்சை என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

நல்ல இடத்தில் கட்டம் போடுவது

பெரும்பாலான அறிக்கைகள் இங்கேதான் கெடுகின்றன. பாதையோரத்துச் செழிப்பான பகுதியில் நாலு கட்டம் (அளப்பதற்காகக் குறிக்கும் சிறு துண்டு நிலம்) போட்டால் சராசரி அழகாக வரும், உண்மை வராது. மேட்டின் உச்சி, சரிவு, அடிவாரம் எனப் பிரித்து, களத்துக்குப் போகுமுன்பே வரைபடத்தில் குருட்டுவாக்கில் புள்ளிகளைத் தேர்ந்துவிடுங்கள். போன இடம் வெறும் பாறையாக இருந்தாலும் அதைத்தான் அளக்க வேண்டும்.

தாவர மூடலை, அதாவது நிலத்தில் எத்தனை சதவீதத்தைச் செடி மூடியிருக்கிறது என்பதை, கண்ணால் மதிப்பிட்டால் ஆளுக்கு ஒரு எண் வரும். 50 மீட்டர் டேப்பை இழுத்து, அரை மீட்டருக்கு ஒன்றாக 100 இடங்களில் மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்கி, அது முதலில் தொடுவதை எழுதுங்கள்: செடி (பெயருடன்), சருகு, கல், வெறும் மண். கம்பி தடிமனாக இருந்தால் மூடல் கூடுதலாகக் காட்டும்.

அந்த 100 புள்ளிகள் 100 மாதிரிகள் ஆகா. ஒரு டேப் ஒரே மாதிரிதான். எத்தனை டேப் வேண்டும் என்பதை முன்னோட்ட அளவீட்டிலிருந்து கணக்கிடலாம். சராசரி மூடல் 60, திட்ட விலக்கம் (டேப்புக்கு டேப் அளவு மாறும் வீச்சு) 18, சராசரியில் 10 சதவீதத்துக்குள் பிழை, 90 சதவீத நம்பகம் என்று வைத்துக்கொண்டால்: (1.645 × 18 ÷ 6)² = சுமார் 25 டேப். இதில் 1.645 என்பது 90 சதவீத நம்பகத்துக்கான எண், 6 என்பது 60-இல் 10 சதவீதம். ஐந்து டேப் இழுத்துவிட்டு "இலக்கை எட்டியது" என எழுத முடியாது.

ஒப்பிடும் நிலத்தைத் தவறாகத் தேர்வது

பக்கத்துத் தரிசோடு ஒப்பிட்டால் எந்த நிலமும் தேறிவிடும். காடாக்குவது நோக்கம் என்றால், வீரை, உலக்கைப்பாலை போன்ற நாட்டு மரங்கள் நிற்கும் அந்தப் பகுதிக் காட்டுத்துண்டே அளவுகோல். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே ஆட்கள், ஒரே முறையில் அளக்க வேண்டும்.

மண்ணைப் பார்க்காமல் விடுவது

டம்பர் லாரி ஓடி இறுகிய மண்ணில் மரம் சில ஆண்டு நன்றாகவே வளரும். வேர் மட்டும் மேலேயே படர்ந்திருக்கும், பலத்த காற்றில் மரம் எளிதில் சாயும். 2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்த கடலூர்ப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. 0–15, 15–30 செ.மீ. ஆழங்களில் மண் அடர்த்தியைப் பாருங்கள். மணற்பாங்கான மண்ணில் கன செ.மீ.க்கு 1.7 கிராமைத் தாண்டினால் வேர் இறங்கச் சிரமப்படும். கந்தகத் தாது கலந்த மண்ணில் அமிலம் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் கார அமில நிலையை ஒருமுறை பார்த்தால் போதாது, ஆண்டுதோறும் பாருங்கள்.

தானாக முளைத்ததை எண்ணாமல் விடுவது

சவுக்கோ தைலமரமோ நெடுநெடுவென்று நிற்கலாம். அடியில் சருகு மெத்தையைத் தவிர எதுவுமில்லை என்றால் அது வெறும் தோப்பு. ஒவ்வொரு டேப்பின் ஓரத்திலும் 2 × 2 மீட்டர் கட்டம் போட்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழுள்ள மரக்கன்றுகளை இனவாரியாக எண்ணுங்கள். நட்ட மரங்களின் விதையில் முளைத்தவை, வேம்பு போலப் பறவை கொண்டுவந்தவை, சீமைக்கருவேலம் போன்ற அயல் களைகள் என்று மூன்று பத்தியாக எழுதி, அடுத்த ஆண்டு அதே கட்டத்துக்குத் திரும்பி வர மூலையில் இரும்புக் கம்பி அடித்து வையுங்கள்.