காலையில் தெம்பு, சாயங்காலம் தளர்ச்சி

எனக்கு மையஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் கட்டளை தசைக்குப் போய்ச் சேரும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய். காலையில் தெம்பாக இருப்பேன். சாயங்காலமானால் இமை சரியும், இட்லியைக்கூட மெல்ல முடியாது. "காலையில நல்லாத்தானே இருந்தே?" என்று அத்தை கேட்பார். நோயைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

முதலில் சாப்பாட்டைச் சரிசெய்தேன். தசைக்குத் தெம்பு தர நான் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். டாக்டரிடம் கேட்டு, அதைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பு என்று மாற்றினேன். ராத்திரிக்குக் குழைந்த ரசம் சாதம்.

அப்புறம், ஒரு காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார்கள். சாப்பிட்டு மூச்சே தடுமாறிப்போனது. அது, ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், மெக்னீசியம் ஊசி எல்லாம் இந்த நோய் உள்ள எங்களுக்கு ஆபத்தானவை. இப்போது அவற்றை எழுதிய அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கிறது. எந்த டாக்டரிடமும் முதலில் அதைத்தான் நீட்டுகிறேன்.

அடுத்த முறை அத்தையையும் கூட்டிப் போனேன். டாக்டர் என்னை ஒரு நிமிடம் இமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். இமை மெல்ல மெல்ல இறங்கியதை அத்தை கண்ணால் பார்த்தார். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இப்போது சாயங்காலம் எனக்குப் போன் வந்தால், "அவ படுத்திருக்கா, காலையில பேசுங்க" என்று அவரே சொல்லிவிடுகிறார்.